கொம்பு சரிபார்க்கும் வளைவு

எங்கள் ஊரில் பேருந்துகளுக்குக் கொம்பு இருந்தது. ஒவ்வொன்றின் தலையிலும் இரண்டு. தெருவுக்கு மேலே ஓடும் இரட்டைக் கம்பியை அந்த நீளக் கொம்புகள் தொட்டு மின்சாரத்தை உறிஞ்ச, பேருந்து துறைமுகத்திலிருந்து கராக்கா மேடு வரை சத்தமில்லாமல் ஏறும். தூக்கத்தில் நடக்கிற யானையைப் போல இருக்கும். ஏறுவது பேருந்தா, மலை கீழே இறங்குகிறதா என்று ஜன்னலோரத்தில் உட்கார்ந்தவருக்குச் சந்தேகம் வரும்.

முழங்கை வளைவில் மட்டும் கொம்பு கழன்றுவிடும். அந்த இடத்தில் தெரு சட்டென்று திரும்பும். கம்பி கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பும். அந்த யோசனை நேரத்தில் தெற்குக் காற்று அடித்தால் தீர்ந்தது. தெற்குக் காற்று என்பது பனிக்கண்டத்திலிருந்து கிளம்பி வழியில் எங்கேயும் உட்காராமல் நேராக எங்கள் ஊருக்கு வந்து சேர்வது. நீலப் பொறி பறக்கும். கொம்புகள் வானத்தைக் கிழித்துக்கொண்டு ஆடும். பேருந்து நின்றுவிடும்.

உடனே ஓட்டுநர் லெயோட்டா கையுறைகளை மாட்டிக்கொண்டு இறங்குவார். சமோவாக்காரர், கதவில் நுழைவதற்குக் கொஞ்சம் ஒருக்களிக்க வேண்டிய உடம்பு, ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் தாழ்ந்த குரலில் பாடுகிறவர். பின்பக்கம் தொங்கும் கயிற்றை இழுத்துக் கொம்பை மறுபடி கம்பியில் ஏற்றுவார். வானத்தில் மீன் பிடிக்கிறாற்போலிருக்கும். நாங்கள் யாரும் அதை வேடிக்கை பார்ப்பதில்லை. "நன்றி, லெயோட்டா" என்று ஒவ்வொருவராகச் சொல்லி இறங்கி, எதிரே நெவில் டக்வெல்லின் கடைக்குள் போய்விடுவோம். பேருந்தை விட்டு இறங்கினால் ஓட்டுநருக்கு நன்றி சொல்லாத ஆள் எங்கள் ஊரில் கிடையாது. எரிந்துகொண்டிருக்கும் பேருந்திலிருந்து குதித்தாலும் சொல்லிவிட்டுத்தான் குதிப்போம்.

நெவில் சீஸ் ஸ்கோன் சுடுகிறவர். கையளவு ரொட்டி உருண்டை, மேலே பொரிந்த சீஸ், பிளந்தால் ஆவி. அந்த வளைவில் நிறுத்தம் கிடையாது, கார் நிறுத்த இடம் கிடையாது. கொம்பு கழலும், நாலு பேர் இறங்குவார்கள் என்ற ஒரே நம்பிக்கையில் ஒரு மனிதர் தினமும் அடுப்பை மூட்டினார். இதைவிடக் குறைந்த ஆதாரத்தில் மதங்களே நடக்கின்றன.

இறங்குகிறவர்களில் மெரியானாவும் ஒருவர். மேட்டின் உச்சியிலுள்ள வானிலை அலுவலகத்தில் வேலை. நாளைய காற்றை இன்றைக்கே அறிந்தவர். நெவிலுக்கும் அவருக்கும் இடையில் நடக்கும் பேச்சு முழுவதும் இதுதான்:

"நாளைக்கு எப்படி?"

"தெற்கு. நல்லா பலமா வீசும்."

"அப்போ..."

"ஆமா. கழலும்."

நெவிலின் காது மடல்கள் சிவக்கும். மெரியானா ஸ்கோனை எடுத்துக்கொண்டு போவார். பேருந்து முழுக்க இருந்த எங்களுக்கு விஷயம் எப்போதோ புரிந்துவிட்டது. நாற்பதைத் தாண்டிய நெவிலுக்குத்தான் அடுத்த வாக்கியம் வரவில்லை.

"யோவ் நெவில்," என்றார் லெயோட்டா ஒருநாள், கயிற்றைப் பிடித்தபடியே. "நான் எவ்வளவு நேரம்தான் ஏறின கொம்பை ஏறாத மாதிரி நடிக்கிறது? கேட்டுத் தொலைய்யா."

"நாளைக்குக் கேக்குறேன்."

"நாளைக்குக் காத்து இல்லைன்னு அந்தம்மாவே இப்பதான் சொல்லிட்டுப் போச்சு. நீ என்னத்தைக் கேட்டே?"

இப்படியே போயிருக்கும். அப்போதுதான் குன்றுவழிப் போக்குவரத்து ஆணையத்துக்குப் புதிய தலைவர் வந்தார்.

ரோஜர் பென்னிஃபோல்ட். "சார் மோரெல்லாம் வேண்டாம், ரோஜர்னே கூப்பிடுங்க" என்று சொல்லித்தான் கை கொடுப்பார். எங்கள் ஊரில் டை கட்டியவர் குமாஸ்தா; டை கட்டாதவர் தலைவர். ரோஜர் சட்டைக் கையையும் மடித்துவிட்டிருந்ததால் ரொம்பப் பெரிய தலைவர் என்று தெரிந்துகொண்டோம். இனி இந்த நகரத்தில் ஒரு கொம்புகூடக் கழலாது என்று அவர் அறிவித்தார். அறிவித்துவிட்டு, ஒளிரும் மஞ்சள் மேலங்கி அணிந்த அதிகாரிகள் புடைசூழ முழங்கை வளைவைப் பார்வையிட வந்தார்.

அவர் கண்ணெதிரிலேயே பேருந்து திரும்பியது. பொறி பறந்தது. கொம்பு இரண்டும் கழன்றன.

"கழன்றுருச்சுங்க," என்றார் நெவில், கடை வாசலில் நின்று, உதவியாக இருக்கட்டுமே என்று.

ரோஜர் நிதானமாக மேலே பார்த்தார். "கழன்றதுன்னு நான் சொல்லமாட்டேன், நெவில்."

"கம்பியை விட்டு வெளிய வந்துருச்சே?"

"வெளிய வர்றதும் ஒரு வகைப் பயணம்தானே?"

அந்த வாரமே சுற்றறிக்கை வந்தது. 'கழலுதல்' என்ற சொல் நீக்கப்பட்டது. அதற்குப் பதில் 'தற்காலிகத் தொடர்பு இடைவெளி'. அந்த மாதம் நகரத்தில் ஒரு கொம்புகூடக் கழலவில்லை. ஆணையத்தில் கேக் வெட்டினார்கள். ஆனால் அடுத்த மாதமே, நாட்டிலேயே அதிகமான தற்காலிகத் தொடர்பு இடைவெளிகள் எங்கள் ஊரில்தான் என்று தெரியவந்தது. மற்ற ஊர்கள் அப்படி ஒன்றைக் கண்டுபிடித்திருக்கவே இல்லை. ரோஜர் மனமுடைந்து, ஆக்லாந்திலிருந்து ஓர் ஆலோசகரை வரவழைத்தார்.

ஆலோசகர் வளைவுக்கு எதிரே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து பல நாள் கவனித்தார். மூக்கைக் காற்றில் நீட்டி முகர்ந்தார். வெயிலில் சிவந்து, காற்றில் வெடித்து, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். அதைச் சொல்ல ரோஜரே கடைக்கு வந்தார்.

"நெவில், மனசுல எதுவும் வெச்சுக்காதீங்க. இந்தத் தடத்துல எத்தனையோ வளைவு இருக்கு. ஒரே ஒரு வளைவுலதான் ஸ்கோன் கடை. அந்த வளைவுலதான் இடைவெளி வருது. உங்களுக்கே புரிஞ்சிருக்கும்."

"எனக்குப் புரியல."

"ஸ்கோன்தான் காரணம்."

நெவில் கையிலிருந்த இடுக்கியைப் பார்த்தார். அதன் நுனியில் ஒரு ஸ்கோன் இருந்தது. ஒன்றும் அறியாததுபோல ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"கம்பி சரியா திரும்பலை, அதனாலதான்னு ஊரே சொல்லுதே?"

"கம்பி ஆணையத்தோட சொத்து. எங்க சொத்தை நாங்களே சந்தேகப்படுறதுக்கு எங்களுக்கு அதிகாரம் இல்லை," என்றார் ரோஜர் வருத்தத்துடன். "ஸ்கோன் வெளியாளு."

வாசனை வெளியே போகாமல் சுட வேண்டும் என்று நெவிலைக் கேட்டுக்கொண்டார்கள். அவர் நல்லவர், முயன்று பார்த்தார். ஜன்னலை அடைத்தார். சீஸைக் குறைத்தார். கடைசியில் சீஸே இல்லாத சீஸ் ஸ்கோன் ஒன்றைச் சுட்டு மெரியானாவிடம் நீட்டினார்.

மெரியானா ஒரு கடி கடித்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்தார். "உடம்பு சரியில்லையா, நெவில்?"

அன்றும் கொம்பு கழன்றது. மறுநாள் சீஸ் திரும்பி வந்தது.

ரோஜர் சளைக்கிற ஆள் இல்லை. 'வருமுன் காத்தல் உத்தரவு' என்று ஒன்றைப் போட்டார். இந்தத் தடத்தில் செல்லும் ஒவ்வொரு பேருந்தும் முழங்கை வளைவுக்கு முன்னால் நிற்க வேண்டும். ஓட்டுநர் கையுறை அணிந்து இறங்கி, தலையை உயர்த்தி, கொம்புகளைப் பார்த்து, "கொம்பு சரி" என்று உரக்கச் சொல்ல வேண்டும். ஓட்டுநர் பொய் சொல்லக்கூடும் என்று யாரோ சொன்னதால் ஒரு பயணி சாட்சியாக இறங்க வேண்டும் என்று சேர்த்தார்கள். சாட்சி ஓட்டுநருக்கு நண்பராக இருந்தால்? லெயோட்டாவுக்கு நண்பரல்லாதவர் ஊரில் யாரும் இல்லை என்பது விசாரணையில் தெரிந்தது. ஆகவே பயணிகள் அனைவரும் இறங்கி, மேலே பார்த்து, சேர்ந்து சொல்ல வேண்டும் என்று முடிவானது.

இறங்கினோம். பார்த்தோம். "கொம்பு சரி!" என்றோம். நன்றி சொல்லி இறங்கியவர்கள் நன்றி சொல்லி ஏறினோம். பேருந்து வளைவில் திரும்பியது, கொம்பு கழன்றது, மறுபடி நன்றி சொல்லி இறங்கினோம்.

"போதும்யா உங்க நன்றி," என்றார் லெயோட்டா. "எங்கம்மா பெத்ததுக்குக்கூட நான் இவ்வளவு நன்றி சொன்னதில்ல."

நெவிலுக்கோ அது பொற்காலம். மெரியானா ஒரு காலையில் இரண்டு முறை கடைக்கு வந்தார். முதல்முறை ஸ்கோன், இரண்டாம் முறை காபி. முதல்முறை காற்றைப் பற்றிப் பேசினார்கள். இரண்டாம் முறை மழையைப் பற்றி. முன்னேற்றம்தான். இன்னும் ஒரு சரிபார்ப்பைச் சேர்த்தால் நெவில் கேட்டே விடுவார் என்று பேருந்தில் எல்லோரும் நம்பினோம். அந்த நேரம் பார்த்து ரோஜர் இறுதித் தீர்வைக் கண்டுபிடித்துவிட்டார்.

கொம்பு இருந்தால்தானே கழலும்?

மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் துறைமுகத்து மண்டபத்தில் நடந்தது. தேநீர், சிறிய சாசேஜ் ரோல்கள், பெரிய திரை. ரோஜர், இந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரிகளின் முகமனை மனப்பாடம் செய்துவந்து தொடங்கினார்: இது என் மலை, இது என் ஆறு என்று தன் வேரைச் சொல்லும் வழக்கப்படி, அவர் தன் மலையின் பெயரை மட்டும் சொன்னார்.

பக்கத்தில் இருந்த மெரியானா என் காதருகே குனிந்தார். "அது எங்க பாட்டன் காலத்து மலை. இவரு அதுல வீடு வாங்கி ரெண்டு வருஷம்தான் ஆகுது. ஆறு இன்னும் விலை படியலை போல."

"நண்பர்களே," என்றார் ரோஜர், "நம்ம எதிர்காலம் மின்சாரம். அதுல எந்தச் சந்தேகமும் வேண்டாம். அந்த மின்சார எதிர்காலத்துக்கு இடம் விடணும்னா, இப்ப ஓடுற மின்சார பஸ்ஸை எல்லாம் எடுத்தாகணும். கம்பியையும் எடுத்துடறோம். எதிர்காலம் வந்து சேர்ற வரைக்கும் டீசல் பஸ் ஓடும்."

முன்வரிசையில் ஒரு பெண்மணி கையைத் தூக்கினார். "இப்ப இருக்கறதே மின்சாரம்தானே, ரோஜர்?"

"ரொம்ப நல்ல கேள்வி. ஆனா இது கடந்தகால மின்சாரம்."

"டீசல் புகை விடுமே?"

"விடும். ஆனா பஸ்ஸோட ரெண்டு பக்கமும் பெரிய பச்சை இலை வரையச் சொல்லியிருக்கேன்."

கைதட்டல் எழுந்தது. மஞ்சள் மேலங்கிகள் தட்டினார்கள்.

பேச விரும்பும் பொதுமக்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம். நேரம் முடிந்தால் மணி. நெவில் எழுந்து ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றார். அவர் சட்டையில் மாவு ஒட்டியிருந்தது.

"பஸ் எங்க வளைவுல நிக்கணும்," என்றார்.

"அங்க நிறுத்தம் இல்லையே, நெவில்."

"ஒண்ணு வைங்களேன்."

"வைக்கலாம். ஆனா அங்க யாரும் இறங்குறதா எங்ககிட்ட பதிவு இல்ல."

"எல்லாரும்தான் இறங்குறாங்க! தினமும் ரெண்டு தடவை!"

"சரிபார்ப்புக்கு இறங்குறது கடமை. இடைவெளியில இறங்குறது விபத்து. நிறுத்தத்துல இறங்கினாத்தான் அது இறங்குறது."

"நிறுத்தம் இல்லாம நிறுத்தத்துல எப்படி இறங்குவாங்க?"

"அதைத்தான் நானும் சொல்றேன். யாருமே இறங்காத இடத்துக்கு எதுக்கு நிறுத்தம்?" ரோஜர் மேடையிலிருந்து இறங்கி வந்து நெவிலின் தோளில் கை வைத்தார். "மனசுவிட்டுச் சொல்லுங்க. நம்ம எல்லாம் ஒரே குடும்பம். கொம்பு கழலணும்னு கேக்குற முதல் ஆளு நீங்கதான். வியாபாரத்துக்காகவா?"

நெவில் திரும்பி எங்கள் வரிசையைப் பார்த்தார். மெரியானா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல."

"பின்னே?"

மண்டபம் காத்திருந்தது. நெவிலின் காது மடல்கள் பழுத்தன. வாய் திறந்தது. லெயோட்டா கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள் எதையோ வேண்டினார்.

மணி அடித்தது.

"நன்றி, நெவில்," என்றார் ரோஜர் கனிவோடு. "உங்க மௌனத்தைப் பதிவு பண்ணிக்கிட்டோம். ஆதரவுன்னு எடுத்துக்கிறோம்."

வாசலில் மெரியானா அவருக்காக நின்றார். காற்றில் முடி முகமெல்லாம் பறந்தது. "உள்ள என்ன சொல்ல வந்தீங்க?"

நெவில் தொப்பியைத் திருகினார். "ஒண்ணுமில்ல. நாளைக்கு... எப்படி இருக்கும்?"

"இனிமே எப்படி இருந்தா என்ன?" என்று சொல்லிவிட்டு மெரியானா நடந்தார்.

கம்பிகளைக் கழற்ற அதிக நாள் ஆகவில்லை. ஆணையம் வேகமாகச் செய்த ஒரே வேலை அதுதான். கம்பி போனதும் வானம் திடீரென்று பெரிதாகி, ஊர் சொட்டை விழுந்தவர் போலாகிவிட்டது. சில பேருந்துகளைக் கடற்கரையில் விடுமுறை வீடாக்க வாங்கிப் போனார்கள். ஒன்றில் கோழி வளர்க்கிறார்கள் என்று கேள்வி. கடைசிப் பேருந்தின் இரு கொம்புகளையும் ரோஜர் தன் அலுவலக வாசலில் கலைப்பொருளாக நட்டுவைத்தார். அதைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படவில்லை. கொம்பு முளைத்திருப்பது யாருக்கு என்று ஊருக்கு முன்பே தெரியும்.

டீசல் பேருந்து ஓடத் தொடங்கிய முதல் காலையில் நெவில் பழக்கத்தில் அடுப்பை மூட்டிவிட்டார். மாத முடிவில் கடையைக் காலி செய்வதாகக் கட்டட உரிமையாளரிடம் சொல்லியாகிவிட்டது. வெளியே அருமையான தெற்குக் காற்று வீணாக வீசிக்கொண்டிருந்தது. கீழே எங்கோ ஒரு முனகல் கேட்டது. பல் வலிக்காரர் மாடிப்படி ஏறுவதுபோல அது மெல்ல நெருங்கியது. பச்சை இலை வரைந்த பேருந்து கரும்புகை விட்டபடி வளைவுக்கு வந்தது. நெவில் அதைப் பார்க்கக் கூடாது என்று முதுகைத் திருப்பிக்கொண்டார்.

பேருந்து நின்றது.

லெயோட்டா கையுறைகளை மாட்டிக்கொண்டு இறங்கினார். அவருக்குப் பின்னால் நாங்கள், நன்றி சொல்லிக்கொண்டே.

நெவில் வாசலுக்கு ஓடி வந்தார். "என்னாச்சு? வண்டி பழுதா?"

"அதெல்லாம் இல்ல. கொம்பு பாக்கணும்."

"கொம்புதான் இல்லையே!"

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். உத்தரவுக்குத் தெரியாதே. 'இந்தத் தடத்தில் செல்லும் ஒவ்வொரு பேருந்தும்'னுதான் அதுல இருக்கு."

"ரத்து பண்ணலையா?"

"போய்க் கேட்டேனே. கொம்பு உத்தரவை ரத்து பண்ற அதிகாரம் கொம்புப் பிரிவுக்குத்தானாம்." லெயோட்டா கையுறையை இழுத்துச் சரிசெய்தார். "கொம்பே இல்லைன்னு ஆனதும் கொம்புப் பிரிவைக் கலைச்சுட்டாங்க. இனிமே அதை ரத்து பண்ண ஆளே இல்ல. நானும் நீயும் செத்தப்புறமும் பஸ் இங்க நிக்கும்."

நாங்கள் தலையை உயர்த்தினோம். மேலே ஒரு கடற்காகம் காற்றில் ஒரே இடத்தில் மிதந்துகொண்டிருந்தது. "கொம்பு சரி!" என்று கத்தினோம். கடைக்குள் நுழைந்தோம். மெரியானாவும் வந்தார். ஆனால் நெவிலிடம் இப்போது கேட்பதற்கு எதுவும் இல்லை. காற்று எப்படி அடித்தாலும் பேருந்து நிற்கும் என்று ஆகிவிட்ட பிறகு வானிலையை எந்த முகத்தோடு விசாரிப்பது? அவர் ஸ்கோனை மட்டும் நீட்டினார். மெரியானாவும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். இப்படியே நாட்கள் போயின. கடை பிழைத்துவிட்டது, கடைக்காரரைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை.

டீசல் வந்த பிறகு முழங்கை வளைவில் ஒரு கொம்புகூடக் கழலவில்லை என்ற செய்தி ரோஜரை எட்டியது. வெற்றிக்குக் காரணம் வருமுன் காத்தல் உத்தரவுதான் என்று ஆலோசகர் ஆக்லாந்திலிருந்தே சொல்லியனுப்பினார். வளைவில் ஒரு வெண்கலப் பலகை பதிக்க முடிவு செய்தார்கள். மஞ்சள் மேலங்கிகளோடு ரோஜர் வந்தார். அன்று காலைப் பேருந்தில் வந்த நாங்கள்தான் மக்கள்.

"அன்னைக்கு எல்லாரும் சந்தேகப்பட்டீங்க," என்றார் ரோஜர். "ஸ்கோன் கடை அப்படியேதான் இருக்கு. வாசனைகூட அப்படியேதான் இருக்கு. ஆனா ஒரு கொம்பு கழன்றுச்சா? நிர்வாகம்னா இதுதான். இருக்கறதைப் பாதுகாக்க யாராலயும் முடியும். இல்லாததைப் பாதுகாக்கத்தான் ஓர் ஆணையம் வேணும்."

பலகையைத் திறந்து வைத்தார். பிறகு, விதிப்படி, சரிபார்ப்பு. ரோஜர் தலையை உயர்த்தினார். மேலங்கிகள் உயர்த்தினார்கள். லெயோட்டா கையுறையோடு உயர்த்தினார். நாங்களும் உயர்த்தினோம். ஒரு தெரு முழுக்க மனிதர்கள், கையில் ஸ்கோனோடு, வெறும் வானத்தைப் பயபக்தியுடன் பார்த்துக்கொண்டு நின்றோம்.

நெவில் டக்வெல்லின் வாழ்க்கையில் முதன்முறையாக அவரை யாரும் பார்க்கவில்லை.

"மெரியானா," என்று ஒரு குரல் கீழே கேட்டது. "ஞாயித்துக்கிழமை... கடை மூடியிருக்கும். சும்மா, கடல் பக்கம் நடந்துட்டு வரலாம்னு... நீங்களும்..."

நாங்கள் தலையை இறக்கவில்லை. கழுத்து வலித்தது.

"ஞாயித்துக்கிழமை பஸ் கிடையாதே, நெவில்."

"ஓ."

"காத்தும் கிடையாது."

"ஓ."

"நடந்தே ஏறி வரேன்னு சொல்றேன்."

கீழே இடுக்கி விழுந்து கணீரென்று உருண்டது.

ரோஜர் தலையை இறக்காமலே திடுக்கிட்டார். "என்ன அது? ஏதாவது கழன்றுருச்சா?"

"கொம்பு இல்ல, ரோஜர்," என்றார் லெயோட்டா, தானும் தலையை இறக்காமல். "நீங்க மேலேயே பாருங்க."